ரயில்வே கேட்டை எடுத்துவிட்டு என்ன கட்டுவது? சாலை மேம்பாலமும் மற்ற வழிகளும்: ஓர் ஒப்பீடு

நகரத்துக்கு நடுவே ரயில் பாதை ஓடினால் ரயில்வே கேட் தொல்லையும் கூடவே இருக்கும். தொல்லை முற்றியதும் எல்லோரும் ஒரே குரலில் கேட்பது மேம்பாலம். தேர்தலில் வாக்குறுதியாக வருவதும் அதுதான், கேட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர் பயப்படுவதும் அதற்குத்தான். ஆனால் சாலையையும் ரயிலையும் பிரிக்க வேறு வழிகளும் இருக்கின்றன. சாலையைத் தூக்கலாம், இறக்கலாம். ரயிலைத் தூக்கலாம், இறக்கலாம். எதையுமே கட்டாமல் கேட்டின் வேலையை மட்டும் சீர்செய்யலாம்.

இவற்றில் எது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று பார்ப்போம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மேம்பாலம் நல்லதா கெட்டதா என்பதை அது தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் நின்று பார்த்தால் தெரியாது. அது கீழே இறங்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

கேட்டின் கணக்கு

கேட் 5 நிமிடம் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடத்தில் நிமிடத்துக்கு 20 வண்டி வருகிறது. கேட் திறக்கும்போது 100 வண்டி நிற்கும். வண்டிக்கு 7 மீட்டர் என்றால் 700 மீட்டர் வரிசை. திறந்த பிறகு ஒரு தடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 30 வண்டி கடக்கலாம், அதுவும் தண்டவாள மேட்டில் யாரும் தடுமாறி நிற்காவிட்டால். அந்த நேரத்திலும் பின்னாலிருந்து 20 வண்டி வந்துகொண்டேதான் இருக்கும். ஆக வரிசையில் நிமிடத்துக்கு 10 வண்டிதான் குறையும், முழுதாகக் கரைய 10 நிமிடம் பிடிக்கும். 5 நிமிட அடைப்பு 15 நிமிடச் சாலையைத் தின்றுவிடுகிறது. அதற்குள் அடுத்த ரயில் வந்துவிட்டால் பழைய வரிசையின் வாலில் புது வரிசை சேரும். ரயில்கள் கொஞ்சம் நெருக்கமாக ஓட ஆரம்பித்ததும் ஊரே திணறுவது இதனால்தான்.

ஜப்பானில், நெரிசல் நேரத்தில் ஒரு மணிக்கு 40 நிமிடமோ அதற்கு மேலோ மூடியிருக்கும் கேட்டுகளைத் தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். மணியில் 20 நிமிடத்துக்கு மேல் சாலை கிடைக்காத இடங்கள் அவை. இந்திய ரயில்வே வேறு அளவுகோல் வைத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் போகும் ரயில்களையும் சாலை வண்டிகளையும் பெருக்கி, அது 1 லட்சத்தைத் தாண்டினால் அந்த இடத்தில் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்து பாலம் கட்டலாம் என்பார்கள். அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு பெருக்கல்தான். எல்லாம் சரி, ஆனால் இந்தப் பெருக்கலில் நடந்து கடப்பவர் வருவதே இல்லை. சந்தைத் தெருவில் உள்ள ஒரு கேட்டை வண்டியில் கடப்பவரைவிட நடந்து கடப்பவரே அதிகமாக இருக்கலாம். அவர்களை எண்ணாமல் எடுத்த முடிவு அவர்களை மறந்த பாலமாகத்தான் வந்து நிற்கும்.

நெரிசலைவிடப் பெரிய காரணம் உயிர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ரிவர் குரோவ் என்ற ஊரில் 1995 அக்டோபரில் ஒரு பள்ளிப் பேருந்து தண்டவாளத்தைக் கடந்து, அடுத்த சிக்னலில் சிவப்பு விளக்குக்காக நின்றது. கேட்டுக்கும் சிக்னலுக்கும் நடுவே முழுப் பேருந்தும் நிற்க இடம் போதவில்லை. பின்பகுதி ரயில் பாதையின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. வந்த ரயில் அதன் மேல் மோதியதில் 7 மாணவர்கள் இறந்தார்கள். கேட்டை ஒட்டியே ஒரு சாலைச் சந்திப்பு இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. மேம்பாலம் இறங்க இடம் கிடைக்காமல் தவிப்பதும் இப்படிப்பட்ட இடங்களில்தான். கேட்டை எடுத்தே ஆக வேண்டும் என்று அடித்துச் சொல்லும் இடமே பாலத்துக்கு இடம் கொடுக்காத இடமாகவும் இருக்கும். நகரத்துக்குள் இந்த முடிவை எடுப்பது சிரமமாக இருப்பது இதனால்தான்.

சாலையைத் தூக்கினால்

கணக்கு எளிதுதான். மின்சார ரயில் ஓடும் பாதையென்றால் தண்டவாளத்திலிருந்து பாலத்தின் அடிப்பாகம் வரை ஆறரை முதல் 7 மீட்டர் இடைவெளி வேண்டும். கன்டெய்னர் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய சரக்கு ரயில் வருமென்றால் இன்னும் கூடுதல். அதற்கு மேல் உத்திரமும் தளமும் சேர்ந்து ஒன்றரை முதல் 2 மீட்டர். சாலை ஏற வேண்டிய உயரம் 8 மீட்டருக்குக் குறையாது. 30 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்ற சாய்வில் போனால் ஒரு பக்கத்துக்கு 250 மீட்டர். அடியிலும் உச்சியிலும் சாலை முறிந்தாற்போல இல்லாமல் வளைந்து சேர வேண்டும், ஆகவே 300 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் சேர்த்தால் 600 மீட்டர். 20 மீட்டர் அகலமுள்ள ரயில் நிலத்தைத் தாண்ட 600 மீட்டர் கட்டுமானம்.

இந்த 600 மீட்டருக்குள் எத்தனை குறுக்குத் தெரு இருக்கிறது? பாலத்தைப் பற்றிய முதல் கேள்வியே இதுதான் என்பேன். ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து சுமார் 120 மீட்டர் வரை பாலத்தின் அடியில் ஒரு ஆள் நிமிர்ந்து நடக்க உயரம் இருக்காது. லாரி அடியில் புகுந்து போக 200 மீட்டர் தாண்ட வேண்டும். அதுவரை அது வெறும் சுவர்தான். சுவர் விழும் நீளத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகும் தெரு மாட்டிக்கொண்டால் அந்தப் பிள்ளைகள் தினமும் சுற்றித்தான் போக வேண்டும்.

அகலத்தையும் பார்க்க வேண்டும். 24 மீட்டர் அகலச் சாலையில் நான்கு வழி மேம்பாலம் போட்டால் பாலத்துக்கே 17 மீட்டர் போய்விடும். மிச்சம் பக்கத்துக்கு மூன்றரை மீட்டர். அதில்தான் சர்வீஸ் ரோடு, நடைபாதை, வடிகால், மின்கம்பம் எல்லாம். ஒரு கடைக்குச் சரக்கு இறக்க ஒரு வேன் நின்றால் அந்தப் பக்கமே அடைத்துக்கொள்ளும். ஆம்புலன்ஸ் நுழைய முடியாது. மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தால் பேருந்துப் பயணிகளின் முகம் தெரியும். கீழே கடை வைத்திருப்பவருக்கு வெயிலும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. இதையெல்லாம் வளர்ச்சிக்குக் கொடுக்கும் விலை என்று ஒதுக்கித் தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. விலையை ஒரு தெரு மட்டும் கொடுக்கிறது, பலனை அந்தத் தெருவில் நிற்காமல் போகிறவர் அனுபவிக்கிறார்.

நடப்பவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கேட் இருந்தவரை அவர் 20 மீட்டரில் மறுபக்கம் போனார். கேட்டை மூடிச் சுவர் எழுப்பிவிட்டு, மேலே நடைபாதை இருக்கிறதே என்று சொன்னால் அவர் 600 மீட்டர் நடக்க வேண்டும், கூடவே 8 மீட்டர் ஏறி இறங்க வேண்டும். காய்கறிப் பையோடு யார் நடப்பார்கள்? சுவரில் ஓட்டை விழும், ஆட்கள் தண்டவாளத்தில் இறங்குவார்கள். கேட் இருந்தபோதாவது மணி அடித்தது, இப்போது எச்சரிக்கையே இல்லை. பாலம் கட்டி, ஆபத்தை வண்டியிலிருந்து இறக்கி நடப்பவர் தலையில் வைத்த கதையாகிவிடும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. சாலை மேலே போனாலும் நடப்பவரைக் கீழே விட வேண்டும். தண்டவாளத்துக்கு மேலே போகும் நடைமேம்பாலத்துக்கு 8 மீட்டர் ஏற்றம், 15 சென்டிமீட்டர் படியில் ஐம்பதுக்கு மேல் படிகள். அடியில் போகும் நடைச் சுரங்கப்பாதைக்கு ஆள் உயரத்தோடு கூரைத் தடிமனையும் சேர்த்து மூன்றரை மீட்டர் இறங்கினால் போதும், இருபத்து நாலு படி. சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 சாய்தளம் போட்டால் கீழே போக 42 மீட்டரும் இடையிடையே ஓய்வுத் தளமும் வேண்டும். மேலே போவதென்றால் நூறு மீட்டர் பக்கம் வரும். முழங்கால் வலி உள்ளவருக்கு இந்த வித்தியாசம்தான் மறுபக்கம் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும். சுரங்கப்பாதை நேராக இருக்க வேண்டும். நுழையும்போதே மறுமுனை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் பெண்கள் இரவில் அதில் இறங்குவார்கள்.

சரி, மேம்பாலம் எங்கே பொருந்தும்? 30 மீட்டருக்கு மேல் அகலமுள்ள பிரதான சாலை, 300 மீட்டருக்குள் பெரிய சந்திப்பு இல்லாத இடம், நீளமான சரக்கு ரயில்கள் போகும் பாதை. இந்த மூன்றும் சேர்ந்தால் தயங்காமல் கட்டலாம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஹாமண்ட் நகரில் சரக்கு ரயில்கள் சாலையை மறித்து நெடுநேரம் நிற்பதும், பள்ளிக்குப் போகும் குழந்தைகள் அந்த ரயில் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து போவதும் 2023-இல் பெரிய செய்தியானது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சரக்கு ரயிலைச் சட்டென்று மேலே ஏற்ற முடியாது. அங்கே சாலைதான் விட்டுக்கொடுத்து ஏற வேண்டும். மழை எவ்வளவு பெய்தாலும் பாலத்தில் வண்டி ஓடும், கட்டும்போது ரயிலை அதிகம் நிறுத்த வேண்டியதும் இல்லை. தண்டவாளத்துக்கு மேல் உத்திரம் தூக்கி வைக்கும் சில மணி நேரம் மட்டும் பாதையை மூடினால் போதும். பின்னாளில் இன்னொரு தண்டவாளம் வரும் என்றால் அதற்கும் சேர்த்துத் தூண்களைத் தள்ளி வைத்துவிட வேண்டும்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். ரயில் நிலத்துக்கு மேலே வரும் பகுதியை ஒரு துறையும் ஏறும் சாலையை இன்னொரு துறையும் கட்டுவது பல இடங்களில் வழக்கம். முதல் துறைக்கு நிலம் கைவசம் இருக்கிறது, சட்டென்று முடித்துவிடும். இரண்டாவது துறை வீடு, கடை, கோர்ட் வழக்கு என்று மாட்டிக்கொள்ளும். விளைவு, இரண்டு பக்கமும் ஏற வழியில்லாமல் தண்டவாளத்துக்கு மேல் அந்தரத்தில் நிற்கும் ஒரு துண்டுப் பாலம். ஏறுசாலைக்கான நிலம் கைக்கு வந்த பிறகுதான் எந்தப் பகுதிக்கும் வேலை உத்தரவு கொடுக்க வேண்டும்.

சாலையை இறக்கினால்

சாலையில் போகும் லாரியின் உயரம் மின்சார ரயிலின் உயரத்தைவிடக் குறைவு. ஐந்து, ஐந்தரை மீட்டர் இடைவெளியும் தண்டவாளத்தைத் தாங்கும் கூரைக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலும் விட்டால் ஆறரை மீட்டர் பள்ளம், பக்கத்துக்கு 200 மீட்டர். மேம்பாலத்தைவிட மூன்றில் ஒரு பங்கு நீளம் மிச்சம். கார், ஆட்டோ, இரு சக்கர வண்டிக்கு மட்டும் என்று 3 மீட்டர் உயரத்தில் அமைத்தால் பக்கத்துக்கு 120 மீட்டரில் முடிந்துவிடும். தெருவில் நிழல் விழாது, மாடி ஜன்னலுக்குத் தொந்தரவு கிடையாது. ரயிலை நிறுத்தாமலும் கட்டலாம். பக்கத்தில் கான்கிரீட் பெட்டியை வார்த்து, ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துத் தண்டவாளத்துக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் செருகும் முறை நன்றாகப் பழகிப்போன ஒன்று. அந்த நாட்களில் ரயில் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

இதன் எதிரி தண்ணீர். பள்ளம் தோண்டினால் சுற்றுவட்டாரத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வரும். தில்லியின் மின்டோ பாலத்தடிச் சாலை மழைக்கு மூழ்குவது பல தலைமுறைக் கதை. 2020 ஜூலையில் அங்கே தேங்கிய தண்ணீரில் ஒரு சிறு லாரி ஓட்டுநர் இறந்தார். அதே மாதம் தென் கொரியாவின் பூசானில் ஒரு சாலைச் சுரங்கப்பாதைக்குள் வெள்ளம் புகுந்து 3 பேர் இறந்தார்கள். பம்பு வைத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால், மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பேன். பெருமழையில் முதலில் போவது கரண்ட்தான். பம்பு அறையும் ஜெனரேட்டரும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், தண்ணீர் அரை அடி ஏறியதும் தானாகவே நுழைவாயில் மூடிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் திட்ட வரைபடத்தில் இல்லையென்றால் அந்தச் சுரங்கப்பாதை வேண்டவே வேண்டாம்.

உயரம் குறைத்துக் கட்டினால் இன்னொரு வினை. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்து டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல இடைவெளியுள்ள ஒரு ரயில் பாலத்தில் எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் இருந்தும் லாரிகள் மோதிக்கொண்டே இருந்தன. 2019-இல் 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் மோதுகின்றன.

ரயிலைத் தூக்கினால்

ஒரே ஒரு கேட்டுக்காக ரயிலைத் தூக்குவது கட்டுப்படியாகாது. சரக்கு ரயில் ஓடும் பாதைக்கு 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் ஏழரை மீட்டர் உயர ஒரு பக்கத்துக்கு 750 மீட்டர், இரு பக்கமும் ஒன்றரைக் கிலோமீட்டர். ஆனால் வரிசையாக நான்கைந்து கேட் இருக்கும்போது கதை தலைகீழாகிறது. ஏறும் செலவு ஒருமுறைதான், நடுவில் எத்தனை தெரு வந்தாலும் அத்தனையும் திறந்துகொள்ளும்.

டோக்கியோவின் சுவோ ரயில் பாதையில் மிதாகா முதல் தச்சிகாவா வரை சுமார் 13 கி.மீ. நீளத்தை இப்படி உயர்த்தி 2010-இல் 18 கேட்டுகளை ஒழித்தார்கள். மெல்போர்னில் 2015 முதல் நடக்கும் பெரும் திட்டம் 2030-க்குள் 110 கேட்டுகளை எடுப்பதாகச் சொல்கிறது. அங்கே காஃபீல்ட் முதல் டான்டினாங் வரையிலான பாதையைத் தூண்களில் ஏற்றி 2018-இல் 9 கேட்டுகளை நீக்கினார்கள். பாதைக்கு அடியில் பூங்காவும் சைக்கிள் தடமும் வந்தன. இது புது யோசனையும் கிடையாது. சிகாகோ 1890-களிலேயே தண்டவாளங்களைக் கரையெழுப்பி உயர்த்தத் தொடங்கிவிட்டது.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, தெரு தெருவாகவே இருக்கிறது என்பதுதான். நடப்பவர், சைக்கிள்காரர், தள்ளுவண்டிக்காரர் யாருக்கும் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. கேட் மட்டும் காணாமல் போகிறது, அவ்வளவுதான். ஏறும் வேலையை மோட்டார் வைத்த ரயிலிடம் விட்டுவிடுகிறோம்.

குறைகளும் உண்டு. ரயில் சத்தம் உயரத்திலிருந்து தூரம்வரை கேட்கும், பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறம் பயணிகள் கண்ணில் படும். மெல்போர்னில் குடியிருப்போர் எதிர்த்தது இதற்காகத்தான். தடுப்புச் சுவர் ஓரளவுக்கு உதவும். ரயிலை ஓட்டிக்கொண்டே கட்டுவதற்குப் பக்கத்தில் தற்காலிகத் தண்டவாளம் போட நிலம் வேண்டும், நிலையங்களையும் புதிதாகக் கட்ட வேண்டும். வருடங்கள் ஓடும்.

ரயிலை இறக்குவது பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகச் சரக்குக்காக 2002-இல் திறந்த அலமேடா பாதை 32 கி.மீ. நீளம், அதில் பாதி ஆழமான வெட்டுப் பள்ளத்தில் ஓடுகிறது. 200-க்கு மேற்பட்ட கேட்டுகள் ஒழிந்தன. டோக்கியோவின் ஷிமோகிடசாவாவில் 2013-இல் ரயில் முழுக்கச் சுரங்கத்துக்குள் போனது, பழைய தண்டவாள நிலம் நடைபாதையும் கடைகளுமாக மாறியது. நகரத்துக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. இதைவிடச் செலவானதும் எதுவும் இல்லை. நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஊரில் அந்தச் செலவு இன்னும் ஏறும்.

கட்டும்வரை கேட்டை என்ன செய்வது

எந்தப் பாலமும் வருவதற்கு ஆண்டுகள் ஆகும், அதுவரை கேட்டோடுதான் வாழ வேண்டும். மெதுவாக வரும் ரயிலுக்கும் வேகமாக வரும் ரயிலுக்கும் ஒரே தூரத்தில் கேட் மூடினால் மெதுவான ரயிலுக்கு வீணாகக் காத்திருக்க நேரும். ரயிலின் வேகத்தைக் கணித்து, கடப்பதற்கு முன் எப்போதும் ஒரே அளவு நேரம் மட்டும் மூடும் கருவிகள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. நிலையத்தில் நிற்கும் ரயிலையும் நிற்காத ரயிலையும் பிரித்தறிந்து மூடும் முறை ஜப்பானில் உண்டு. கேட்டை ஒட்டிய சாலை சிக்னலை ரயில் சிக்னலோடு இணைத்து, ரயில் வருமுன் தண்டவாளத்தின் மேல் நிற்கும் வண்டிகளை வெளியேற்றலாம். மாதக் கணக்கில் முடியும் வேலைகள் இவை. ஆனால் ரயில்கள் பெருகிவரும் பாதையில் இவற்றையே தீர்வாக நம்பி உட்கார முடியாது.

முடிவெடுக்கும் வரிசை

நான் திட்டம் போடும் இடத்தில் இருந்தால் முதலில் ஒரு நாள் முழுக்கக் கேட்டில் ஆளை நிறுத்தி, நடப்பவரையும் சைக்கிளையும் சேர்த்து எண்ணச் சொல்வேன். பிறகு வரைபடத்தில் கேட்டிலிருந்து இரு பக்கமும் 300 மீட்டர் கோடு போட்டு, அதில் விழும் குறுக்குத் தெருக்களையும் சந்திப்புகளையும் பார்ப்பேன். ஒன்றும் விழவில்லையென்றால் மேம்பாலம், கூடவே நடைச் சுரங்கப்பாதை. விழுந்தால், வடிகால் வசதியுள்ள மேட்டு நிலமா என்று பார்த்துச் சிறு வண்டிகளுக்கான சுரங்கப்பாதை. லாரியைச் சுற்றுச்சாலைக்கு அனுப்பலாம். இரண்டு கிலோமீட்டருக்குள் மூன்று, நான்கு கேட் இருந்தால் ரயிலைத் தூக்கும் கணக்கைப் போடாமல் வேறு எதையும் தொடமாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். 600 மீட்டர் இடைவெளியில் மூன்று கேட். மூன்றுக்கும் மேம்பாலம் என்றால் 1.8 கி.மீ. பாலம், மூன்று தெருவின் வாழ்க்கை. ரயிலைத் தூக்கினால் 2.7 கி.மீ. உயர்பாதை, மூன்று தெருவும் தப்பிக்கும். ஐந்து கேட் என்றால் மேம்பாலம் 3 கி.மீ., உயர்பாதை 3.9 கி.மீ. கேட் கூடக் கூட, ஒரு தெருவைக் காப்பாற்ற ஆகும் கூடுதல் நீளம் குறைந்துகொண்டே வரும்.

ஆனால் அரசுப் பணம் பெரும்பாலும் கேட் கேட்டாகத்தான் வருகிறது. இந்த கேட் பெருக்கல் அளவைத் தாண்டிவிட்டது, இதற்குப் பாலம். அடுத்தது தாண்டும்போது அதற்கும் பாலம். இப்படித் தனித்தனியாகப் பார்க்கும்வரை ஒவ்வொரு தடவையும் மேம்பாலமே மலிவாகத் தெரியும், மொத்தப் பாதையின் கணக்கை யாரும் போடவே மாட்டார்கள். இதில் திரும்பிப் போக முடியாத ஒரு கட்டமும் இருக்கிறது. ரயில் பாதைக்கு மேலே ஒரு சாலை மேம்பாலம் எழுந்துவிட்டால் அந்த இடத்தில் ரயிலை இனித் தூக்க முடியாது. அந்தப் பாலத்துக்கும் மேலே ஏற வேண்டும், இல்லையென்றால் பாலத்தை இடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் கேட்டுகளின் விதியையும் முதல் மேம்பாலமே எழுதிவிடுகிறது. ஆகவே ஒரு கேட்டுக்கு மேம்பாலம் என்று அறிவிப்பு வந்ததும் மக்கள் கேட்க வேண்டிய காகிதம் அந்தப் பாலத்தின் வரைபடம் மட்டும் இல்லை. அந்த ரயில் பாதையில் நகர எல்லைக்குள் இருக்கும் எல்லா கேட்டுகளையும் சேர்த்துப் போட்ட ஒப்பீட்டுக் கணக்கையும் டெண்டர் விடும் முன்பே கேட்டு வாங்க வேண்டும்.